'கொரோனா பேட்ச்' பிள்ளைகளுக்காக ஒரு கணக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. இரண்டு தடவையாகப் படித்தாலும் பரவாயில்லை, முழுசாகப் படியுங்கள்.

"கொரோனா பேட்ச்" என்ற வார்த்தை இப்போது நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. கல்யாணப் பந்தியில் பேசிக்கொள்கிறார்கள். ஒரகடம் கம்பெனி வேனுக்குக் காத்திருக்கிற இடத்தில் சொல்லிச் சிரிக்கிறார்கள். "அவன் பரீட்சையே எழுதாம பாஸ் ஆனவன்தானே" என்று பெரியவர்கள் சொல்லும்போது அந்தப் பையனும் சேர்ந்து சிரிக்கிறான். சிரிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லை. அவர்களில் பல பேர் ஆறாவது முதல் எட்டாவது வரை என்னிடம் சமூக அறிவியல் படித்தவர்கள். பாபரும் ஷெர்ஷாவும் எந்த வருஷம் வந்தார்கள் என்று அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் துளைத்தவள் நான். அவர்கள் வாழ்ந்த வரலாற்றை யாராவது சரியாக எழுதி வைக்க வேண்டாமா? அரசு என்ன கொடுத்தது, எது வீடு வந்து சேர்ந்தது, எது சேரவில்லை என்பதை, தேதியெல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது இரண்டு ஆட்சிகளின் காலம். 2021 மே மாதம் வரை எடப்பாடி பழனிசாமி முதலமைச்சர், செங்கோட்டையன் கல்வி அமைச்சர். மே 7-க்குப் பிறகு ஸ்டாலின் முதலமைச்சர், அன்பில் மகேஸ் கல்வி அமைச்சர். கீழே கட்சிச் சண்டை போடுகிறவர்கள் தயவுசெய்து வேறு பக்கம் போய்ப் போடுங்கள்.

என் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. நான் 2020 மே 31-ஆம் தேதி ஓய்வு பெற வேண்டியவள். மே 7-ஆம் தேதி ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கி அரசாணை வந்தது. மறு வருஷம் பிப்ரவரியில் அது 60 ஆனது. ஆக, பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கு இரண்டு வருஷம் கூடுதலாக வேலை பார்த்துவிட்டு 2022 மே மாதம்தான் வீட்டுக்கு வந்தேன். அதனால்தான் இதில் பாதி நான் பார்த்தது. மீதி எல்லோருக்கும் தெரிந்த பொது விஷயம்.

தமிழ்நாட்டில் முதல் கொரோனா தொற்று உறுதியானது 2020 மார்ச் 7-ஆம் தேதி. ஓமனிலிருந்து திரும்பிய அவர் நம் காஞ்சிபுரத்துக்காரர். அதற்கு முந்தின ஆடி மாதம்தான் அத்திவரதரைப் பார்க்க ஊரே கொள்ளாத கூட்டம் வந்து போயிருந்தது. அந்த நோய் எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டோம். மார்ச் 16 அறிவிப்பு, 17-லிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் விடுமுறை. மார்ச் 31 வரைதான் என்றார்கள். பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் கரும்பலகையில் எழுதியிருந்த தேதியை யாரும் அழிக்கவில்லை.

ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குப் பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. நடுவில் 594 நாள். எண்ணிப் பாருங்கள். 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த குழந்தை முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தது இரண்டாம் வகுப்புப் பிள்ளையாக. ஒன்றாம் வகுப்பு என்ற ஒன்று அதன் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. உலகம் முழுக்க இதே கதைதான். 2020 ஏப்ரலில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கும் மேலான மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள் என்பது யுனெஸ்கோ கணக்கு. ஆனால் எல்லா ஊரிலும் பள்ளியை விட்டு வந்த பிள்ளைக்குப் பக்கத்திலேயே தறி காத்திருக்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பரீட்சை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஏனென்றால் கேலி அங்கேதான் இருக்கிறது. 2020-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 27-இல் தொடங்க வேண்டியது. தள்ளிப்போய் ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள். பிள்ளைகள் மூன்று மாதம் அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு பைத்தியம் பிடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜூன் 9-ஆம் தேதி ரத்து. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம் என்று கணக்குப் போட்டார்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு எழுதும்போது இதுதான் கடைசித் தேர்வு என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? வருகைப் பதிவை எடுத்ததில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அடி. முகூர்த்த சீசனில் தறிக்கு உதவ லீவு போட்டவர்களுக்கு அந்த லீவு மார்க்காகக் குறைந்தது. இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அப்படித்தான் விழுந்தது.

2020-இல் அப்படிப் பத்தாவது கடந்த பிள்ளைகள், மறு வருஷம் பதினொன்றாம் வகுப்பு. 2021 பிப்ரவரி 25-இல் 9, 10, 11 வகுப்புகளுக்கு ஆல் பாஸ் என்று சட்டசபையில் அறிவித்துவிட்டார்கள். அந்த வருஷத்துப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மதிப்பெண்ணே கிடையாது, தேர்ச்சி என்று மட்டும் இருக்கும். ஆக, 2020 பேட்ச் தன் வாழ்க்கையில் முதன்முதலாக எழுதிய பொதுத்தேர்வு பிளஸ் டூ, 2022 மே மாதத்தில். நாமெல்லாம் பத்தாவதில் ஒரு தடவை நடுங்கி, பழகி, அப்புறம் பிளஸ் டூவுக்குப் போனவர்கள். அவர்களுக்கு ஒத்திகையே இல்லை. அக்கினி நட்சத்திர வெயிலில், பாதி வருஷப் படிப்பை வைத்துக்கொண்டு நேராகப் போய் உட்கார்ந்தார்கள். "பரீட்சை எழுதாமப் பாஸ் ஆனவன்" என்று இவர்களைத்தான் சொல்கிறோம்.

2021 பிளஸ் டூ பிள்ளைகளின் தேர்வும் ஜூன் 5-இல் ரத்தானது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, உள்மதிப்பீட்டிலிருந்து 30 என்று போட்டார்கள். பதினைந்து வயதில் எழுதியது பதினேழு வயதில் காலேஜ் சீட்டைத் தீர்மானித்தது. சரியா தப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த மே மாதம் ஆக்சிஜன் இல்லாமல் ஜனங்கள் தவித்ததைப் பார்த்தவர்களுக்கு, பரீட்சை வைத்திருக்கலாம் என்று சொல்ல வாய் வராது.

இனி சோறு. பள்ளி மூடியதும் எனக்கு முதலில் வந்த கவலை பாடம் இல்லை, மதிய சாப்பாடுதான். நம் ஊரில் பிள்ளைகளுக்கு மதியம் சோறு போடுவதற்கு நூறு வருஷ வரலாறு இருக்கிறது. 1920-இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கினார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. 1956-இல் காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு ஆக்கினார். சரியாக நூறாவது வருஷத்தில் அந்த அடுப்பு அணைந்துபோனது.

அடுப்பு அணைந்தாலும் அரிசி நிற்கவில்லை. அதுதான் இதில் முக்கியம். மே மாதத்துக்குத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 3.1 கிலோ, நடுநிலைப் பிள்ளைக்கு 4.65 கிலோ அரிசி, கூடவே பருப்பு என்று பெற்றோர் கையில் கொடுக்க உத்தரவு வந்தது. இது என்ன விசித்திரமான எடை என்று ஒரு தாத்தா கேட்டார். நாளைக்கு 100 கிராம், 31 நாள். பெரிய பிள்ளைக்கு 150 கிராம், 31 நாள். வகுத்துப் பாருங்கள், சரியாக வரும். பள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் குழந்தையின் ஒரு நாள் பங்கு அந்தக் குழந்தைக்கு என்று யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் வீட்டுக்குப் போன அரிசி வீட்டுப் பானையில்தான் விழும். வேலை போய் உட்கார்ந்திருக்கிற அப்பா, பாட்டி, கைக்குழந்தை எல்லோருக்கும் அது பங்காகும். பள்ளியில் தட்டு வைத்துச் சாப்பிட்ட பிள்ளைக்கு அந்தத் தட்டு முழுசும் அதற்கே சொந்தம். வாங்க வந்த அம்மாக்கள் முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிய, இடைவெளி விட்டு வட்டத்துக்குள் நின்றார்கள். யார் வீட்டில் என்ன நிலைமை என்று அந்த வரிசையில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. பாடப்புத்தகமும் ஜூலையிலிருந்து அப்படியே பள்ளியில் வைத்துக் கொடுத்தோம்.

பாடம் டிவியில் வந்தது. கல்வித் தொலைக்காட்சி கொரோனாவுக்காகத் தொடங்கியது என்று நிறைய பேர் நினைக்கிறீர்கள். இல்லை. 2019 ஆகஸ்ட் 26-இல் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தொடங்கி வைத்தார்கள். நம் ஊர் ஆட்களுக்குச் சொன்னால் புரியும், அத்திவரதர் அனந்தசரஸ் குளத்துக்குத் திரும்பப் போய் ஒன்பது நாள் கழித்து. அரசு கேபிளில் 200-ஆவது சேனல். அப்போது யாரும் பார்க்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். 2020 ஜூலையில் அதையே எடுத்து வகுப்புவாரியாக நேரம் போட்டு ஓடவிட்டார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப்பிலேயே பாட வீடியோக்களை ஏற்றிக் கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குடிசை வீட்டில்கூட டிவி எப்படி இருந்தது? 2006-க்குப் பிறகு கலைஞர் ஆட்சியில் கொடுத்த இலவச கலர் டிவி அந்தப் பழக்கத்தை வீடு வீடாகக் கொண்டுவந்தது. லேப்டாப்? 2011-இல் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கியது. இரண்டையும் "ஓட்டுக்கு லஞ்சம்" என்று நம் குடும்பத்திலேயே திட்டியவர்கள் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன், அவர்களே இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். நோய் வந்த நேரத்தில் அரசு கை நீட்டி எடுத்ததெல்லாம் முன்னோர்கள் பரணில் போட்டு வைத்த சாமான்கள்தான். சத்துணவு, ரேஷன், டிவி, லேப்டாப், இலவசப் புத்தகம். புதுசாக வாங்கப் போயிருந்தால் அதற்குள் நோயே போயிருக்கும்.

ஆனால் டிவி திருப்பிக் கேள்வி கேட்காது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் எடுத்த ஆசிரியர்கள் பலர் என்னைவிட நன்றாக எடுத்தார்கள். பின்னம் பாடத்தில் ஒரு பிள்ளை முழிக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே டிவி, வீட்டில் மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்பு, பாட்டிக்கு சீரியல். வாட்ஸ்அப்பில் நாங்கள் அனுப்பிய வீட்டுப்பாடம் இரவு எட்டு மணிக்கு அப்பா வேலையிலிருந்து வந்த பிறகுதான் பிள்ளைக்குத் தெரியும், போன் அவரிடம்தானே. ரீசார்ஜ் முடிந்தால் அதுவும் இல்லை. கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்தார்கள், 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு. நல்ல காரியம்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை.

தறி விஷயம் சொல்கிறேன் என்றேன். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நம் பட்டுச் சேலையின் பெருமையே கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், இரண்டையும் நெய்யும்போதே கோத்துக்கொண்டு போவது. அதற்குத் தறியில் தனித்தனி நாடா ஓட வேண்டும், நெசவாளர் ஒருத்தரால் முடியாது, பக்கத்தில் கரை நாடாவை வாங்கிப் போட ஒரு சின்ன ஆள் வேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்தச் சின்ன ஆள் வீட்டுப் பிள்ளைதான். தார் சுற்றுவதும் பிள்ளைகள் வேலைதான். பிள்ளையார்பாளையத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் தறியடியிலிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து வகுப்பில் உட்கார வைக்க எத்தனை வருஷம் ஆனது! மத்திய அரசின் குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பள்ளிகளெல்லாம் இங்கே நடந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மதியத்துக்கு மேல் வகுப்பில் பாதி பெஞ்ச் காலியாக இருக்கும். சர்வீஸ் முடியும் தறுவாயில் அந்த பெஞ்சுகள் நிறைந்திருந்தன. அண்ணா பிறந்த ஊர் இது, நெசவாளர் வீட்டிலிருந்து பச்சையப்பன் பள்ளிக்கு நடந்து போய்ப் படித்தவர் அவர். பிள்ளைகளுக்கு அந்தக் கதையைத்தான் சொல்லிச் சொல்லி வரவழைப்போம்.

ஊரடங்கில் முதலில் தறியும் நின்றது. பங்குனி போய் சித்திரை, வைகாசி முகூர்த்தம் எல்லாம் கல்யாண மண்டபம் இல்லாமல் ஐம்பது பேரோடு முடிந்தது. யார் பட்டு எடுப்பார்கள்? கோரா இல்லை, ஜரிகை இல்லை, கடை இல்லை. பிறகு மெதுவாக வேலை வந்தபோது கூலி குறைந்திருந்தது, உதவிக்கு வெளி ஆள் வைக்க வழியில்லை. வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளையை "கொஞ்ச நேரம் உட்காருடா" என்றார்கள். எந்த அப்பாவையும் நான் குறை சொல்ல மாட்டேன். 2020 கடைசியில் முசரவாக்கத்திலும் பக்கத்து ஊர்களிலும் வீடு வீடாகப் போனபோது, பூட்டிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தறியிலும் செங்கல் சூளையிலும் செல்போன் கடையிலும் இருந்தார்கள். நல்லா படிக்கிற ஒரு பெண், எட்டாம் வகுப்பு. "டீச்சர், ஒரு நாளைக்கு எத்தனை இழை போடறேன் தெரியுமா" என்று பெருமையாகச் சொன்னாள். எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

இந்த நேரத்தில் ஒரு நல்லதும் நடந்தது. 2020 ஆகஸ்ட் 17-இல் சேர்க்கை தொடங்கியபோது, தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்கள் அரசுப் பள்ளிக்கு வந்தன. அதே அக்டோபரில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு வந்தது. இது கொரோனா உதவி இல்லைதான், ஆனால் எல்லாம் இருண்டு கிடந்த வருஷத்தில் அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு "இங்கே படித்தாலும் டாக்டர் ஆகலாம்" என்று காட்டியது.

ஆக, 2021 தீபாவளி வரைக்கும் நிலவரம் இதுதான்: அரிசி வந்தது, புத்தகம் வந்தது, பாடமும் படமாக வந்தது, ஆள் வரவில்லை. ஆசிரியர்கள் சிலர் தெருத் திண்ணையிலும் மரத்தடியிலும் பாடம் எடுத்தார்கள், அது அவரவர் மனசு. ஏற்பாடாக ஆள் வந்தது இல்லம் தேடிக் கல்வியில்தான். 2021 அக்டோபர் 27-இல் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 200 கோடி ரூபாய் ஒதுக்கீடு. முதலில் 12 மாவட்டங்கள், அதில் நம் காஞ்சிபுரமும் உண்டு. ஒன்றிலிருந்து எட்டு வரை, மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரைக்குள், பிள்ளைகளின் தெருவிலேயே, சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ படித்திருந்தால் போதும், நடுநிலைக்கு டிகிரி. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாநிலம் முழுக்க இரண்டு லட்சம் பேர் அளவுக்குச் சேர்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

வயதானவர்களுக்கு இது அறிவொளி இயக்கத்தை நினைவுபடுத்தியிருக்கும். தொண்ணூறுகளில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பெரியவர்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தார்களே, புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு கிளம்பினார்களே, அதே மாதிரி. அதுவும் பரணிலிருந்து எடுத்த சாமான்தான் என்று சொல்லலாம். எடுக்க இவ்வளவு நாள் ஏன் ஆனது என்பதுதான் என் வருத்தம். முதல் அலை அடங்கிய 2020 டிசம்பரிலேயே, திறந்தவெளியில், பத்துப் பத்துப் பிள்ளைகளாக வைத்து நடத்தியிருக்க முடியும் என்று இன்றும் நினைக்கிறேன். ஒரு வருஷம் முந்தியிருந்தால் சில பிள்ளைகள் தறியிலிருந்து எழுந்து வந்திருப்பார்கள்.

ஆரம்பத்தில் எங்களில் பலருக்கே அந்தத் திட்டத்தின்மேல் சந்தேகம். பி.எட். படிக்காத பெண்கள் என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்ற பேச்சு எழுந்தது. ஒரு நாள் மாலை ஒரு மையத்தைப் பார்க்கப் போனேன். மாரியம்மன் கோயில் பின்பக்கம், ஒரு தார்ப்பாய், ஒரு குண்டு பல்பு. நடத்தியது என்னிடம் படித்த பெண், கையில் ஒரு குழந்தை இடுப்பில் இருந்தது. புளியங்கொட்டையைக் குவித்து வைத்துக்கொண்டு கழித்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு பையன் தப்பாகச் சொன்னான். அவள் "இல்லை" என்று சொல்லவில்லை, "எப்படிடா வந்துச்சு, எண்ணிக் காட்டு" என்றாள். அவன் எண்ணும்போதே தப்பு அவனுக்கே தெரிந்துவிட்டது. 594 நாளாக அந்தப் பையனை யாரும் "எப்படி வந்துச்சு" என்று கேட்கவில்லை.

இது பலன் கொடுத்ததா என்பதை என் பாசத்தை வைத்து நீங்கள் நம்ப வேண்டாம். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் பார்த்தபோது, 2019-இல் அதே வயதுப் பிள்ளைகள் இருந்த நிலையைவிட மிகவும் பின்தங்கியிருந்தார்கள். தமிழில் ஓரளவு, கணக்கில் அதைப்போல் இரண்டு மடங்கு. பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு மூடிவிட்டது. அப்படி மீண்டதில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு! மாதம் ஆயிரம் ரூபாய்க்கு, தார்ப்பாய் விரித்து உட்கார்ந்த பெண்கள் செய்தது அது. அதில் பத்துப் பன்னிரண்டு பேர் என் மாணவிகள், இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மாமியார் "ஆயிரம் ரூபாய்க்கு என்னடி தினமும் ஓடறே" என்று கேட்டதெல்லாம் எனக்குத் தெரியும். இந்தப் பத்தியை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

மூடாத மூன்றில் ஒரு பங்கும் இருக்கிறது. அதற்காகத்தான் 2022 ஜூன் 13-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அப்போது நான் ஓய்வு பெற்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதே செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 1920-இல் ஓரணாவில் ஆரம்பித்தது காலைக்கும் நீண்டது. திரும்பி வந்த பிள்ளைகளுக்கு இவையெல்லாம் உண்டு.

திரும்பி வராதவர்களுக்கு? நவம்பர் 1-ஆம் தேதி வாசலில் ரோஜாப்பூவும் சாக்லேட்டும் வைத்துக்கொண்டு நின்றோம். உள்ளே போய் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டபோது சில பெயருக்கு மற்ற பிள்ளைகள்தான் பதில் சொன்னார்கள். "தறிக்குப் போயிட்டான் டீச்சர்." "அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு டீச்சர்." அந்த இழை கணக்குச் சொன்ன பெண் வந்தாள், ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்திருந்தாள், என்னைப் பார்க்க வந்தாள். வராத பிள்ளைகளில் இரண்டு பேரைப் போன மாதம் பாலுசெட்டி சத்திரம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாமா என்று ஒருத்தன் கேட்டான். எழுதலாம். வயது ஒரு தடையே இல்லை, விண்ணப்பிக்கும் நேரத்தில் நான் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அவனைப் போல இன்னும் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், இங்கே பெயர் எழுத வேண்டாம். இல்லம் தேடிக் கல்வி மையம் நடத்தியவர்கள் மட்டும் எந்தத் தெருவில், எத்தனை மாதம் நடத்தினீர்கள் என்று கீழே எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு வருகிறேன்.